மார்கரெட்டின் ஃபெசன்டும் என் வயிற்றெரிச்சலும்

1

வியாழக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தால், கைப்பிடியில் இரண்டு ஃபெசன்ட் தொங்கிக்கொண்டிருந்தன. சேவல் ஒன்று, பெட்டை ஒன்று. இரண்டின் கழுத்தையும் வைக்கோல் கட்டும் ஆரஞ்சு நிற நைலான் கயிற்றில் சேர்த்து முடிந்திருந்தார்கள். சீட்டு இல்லை, பெயர் இல்லை. நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு வரும் விவசாயிகளில் யாரோ ஒருவர் கொடுத்த பரிசு. இங்கிலாந்தின் கிழக்கோரத்தில், நார்ஃபோக் பக்கத்துச் சின்ன ஊர்களில் இது ஒரு மரியாதை.

ஊரில் இருப்பவர்களுக்கு ஃபெசன்டை எப்படிச் சொல்வது? மயிலுக்கும் காட்டுக்கோழிக்கும் நெருங்கிய சொந்தம். சேவலுக்குச் செம்பு நிற உடம்பு, மயில்பச்சைக் கழுத்து, அதில் ஒரு வெள்ளை வளையம், கண்ணைச் சுற்றிச் சிவப்பு, ஒரு முழத்துக்கு வால். அக்டோபர் முதல் பிப்ரவரி முதல் தேதிவரை சுடலாம். சுட்டதை உடனே சமைக்க மாட்டார்கள். இறகோடும் குடலோடும் குளிர்ந்த கொட்டகையில் சில நாட்கள் தொங்கவிடுவார்கள். அப்போதுதான் வேட்டை வாசனை இறங்குமாம்.

இருபத்துநான்கு வருடத்துக்கு முன்னால், இந்த ஊருக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் இப்படித்தான் ஒரு ஜோடி வாசலில் தொங்கியது. கழுத்து முறிந்த இரண்டு பறவைகள், அதுவும் ஆணும் பெண்ணுமாக, அதுவும் நிலைவாசலில். திருவனந்தபுரத்துக்காரி வேறு என்ன நினைப்பாள்? கூடோத்திரம், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். என் வீட்டுக்காரரைக் கையுறை மாட்டிக்கொண்டு அறுத்தெடுக்கச் சொல்லி, மூன்று தடவை சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டு, வாசலில் கற்பூரம் கொளுத்தினேன். மறுநாள் ஒரு கிழவர் இரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்து, "பறவை எப்படி இருந்தது?" என்று கேட்டார். "பிரமாதம்" என்றேன். அந்தப் பருவம் முழுக்க வாரம் ஒரு ஜோடி வந்தது.

இப்போது பயம் இல்லை. வியாழனன்று அந்த ஜோடியை எடுத்துக்கொண்டுபோய்த் தோட்டத்துக் கொட்டகையில் ஆணியில் மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் ஃபெசன்ட் விருந்து. சமைக்க வேண்டியது நான். சாப்பிட வருகிறவள் என் சம்பந்தி மார்கரெட். அவளிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தை ஒரு வருடமாக நெஞ்சுக்குள் போட்டுப் பூட்டி வைத்திருந்தேன்.

2

மார்கரெட்டைப் பற்றி நல்லதைத்தான் சொல்ல வேண்டும். அதுதான் என் பிரச்சினையே. கெட்டவளாக இருந்தால் நிம்மதியாகத் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

என் ஒரே மகள் நித்யாவின் மாமியார் அவள். கணவர் போய் ஆறு வருடம் ஆகிறது. பண்ணை வீட்டில் தனியாக இருக்கிறாள். நித்யாவும் மருமகன் ஜேம்ஸும் அங்கிருந்து கால்மணி நேரத் தூரத்தில். எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம். நித்யா பேச்சில் "மார்கரெட் வீட்டுக்குப் போறோம்" என்பது வாரம் இரண்டு தடவை வரும். எங்கள் வீட்டுக்கு வருவதென்றால் ஜேம்ஸ் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும்.

அவர்கள் குடும்பத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு ஃபெசன்ட் ரோஸ்ட். பறவையின் மார்பில் கொழுப்பே கிடையாது, கொஞ்சம் அசந்தால் வறண்டுவிடும். அதனால் பன்றிக்கொழுப்புப் பட்டைகளை மார்பின்மேல் போர்த்தி அடுப்பில் வைப்பார்கள். தொட்டுக்கொள்ளக் கிராம்பு போட்டுக் காய்ச்சிய பாலில் ரொட்டித்தூள் கரைத்த ஒரு கூழ், மெல்லிய உருளைக்கிழங்கு வறுவல், புளிப்புப் பழ ஜெல்லி. கடிக்கும்போது பல்லில் ஈயக்குண்டு தட்டினால் எடுத்துத் தட்டோரமாக வைக்க வேண்டும். சாப்பாடு முடிந்ததும் சமைத்தவர் சேவலின் வால் இறகை யாராவது ஒருவர் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். அடுத்த வருடம் விருந்து இறகு கிடைத்தவர் வீட்டில். அந்த இறகு மார்கரெட், அவள் தங்கை, அவள் நாத்தனார் என்று மூன்று வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வருடாவருடம் எங்களையும் கூப்பிடுவார்கள். என் வீட்டுக்காரர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். வீட்டில் என் கோழிக்குழம்பை ஒரு நாளாவது அப்படிக் கேட்டிருப்பாரா?

நித்யா தமிழைவிட்டுப் போனதை நான் சொல்லாத ஆள் கிடையாது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். பதினெட்டு வயதுக்குப் பிறகு "சரிம்மா", "போதும்மா" இரண்டும்தான் மிச்சம். அதனால் அவளுக்கு ஒன்றும் புரியாது என்றே நான் முடிவு செய்திருந்தேன்.

போன வருடம் நவம்பரில் ஒரு நாள் போன் செய்து, கர்ப்பமாக இருப்பதாகச் சொன்னாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. பேச்சோடு பேச்சாக, "மார்கரெட்தான் முதல்ல கண்டுபிடிச்சாங்க" என்று இங்கிலீஷில் சொன்னாள். மார்கரெட் வீட்டில் வைத்துத்தான் பரிசோதனைக் குச்சியைப் பார்த்தார்களாம். பத்து நாள் ஆகியிருந்தது. அதாவது என் மகள் தாயாகப் போவது எனக்குத் தெரிவதற்குப் பத்து நாள் முன்னாலேயே மார்கரெட்டுக்குத் தெரியும். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலும் எனக்கு அடிவயிறு எரிந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் நித்யாவைப் பெற்றது திருவனந்தபுரத்தில், என் அம்மா வீட்டில் இருந்து. ஆனால் பெரிய ஆஸ்பத்திரி இருப்பது மார்கரெட் வீட்டுக்குப் பக்கத்தில். அவள் வீட்டில் காலியாக நான்கு அறைகள் வேறு. "பிரசவத்துக்கு எங்கே இருக்கப் போறே?" என்று கேட்டேன். "பார்க்கலாம்மா" என்றாள். அந்தப் "பார்க்கலாம்" எனக்கு நன்றாகப் புரிந்தது.

3

அந்த டிசம்பரில் என் அண்ணன் சிவதாணுவுக்கு அறுபது. நாங்கள் நாஞ்சில் நாட்டுக்காரர்கள். அப்பா காலத்தில் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைவீதிக்குக் கணக்கெழுத வந்தவர்கள், அப்படியே மணக்காட்டில் தங்கிவிட்டோம். நித்யா, ஜேம்ஸ், நாங்கள் இருவரும் போவதாக ஏற்பாடு. இதில் மார்கரெட் எப்படி வந்தாள் என்றால், என் அண்ணன்தான் காரணம். வீடியோ போனில் ஒரு தடவை அவளைப் பார்த்துவிட்டு, தன் ஆபீஸ் இங்கிலீஷில், "மேடம், யூ மஸ்ட் கம்" என்று சொல்லிவிட்டான். அவளும் வந்துவிட்டாள்.

வெளிநாட்டுக்காரர் வீட்டில் தங்கினால் விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டும். அண்ணன் ஆடிட்டர் ஆபீஸில் இருந்தவன், எதையும் பாதியில் விடமாட்டான். மார்கரெட்டின் பாஸ்போர்ட்டைப் பதிந்து முடித்துவிட்டு, "எட்டி செம்பகம், ஒன் பாஸ்போர்ட்டயும் எடு. நீயும் ஃபாரினர்தானே" என்றான். உறவு என்ற கட்டத்தில் எனக்குத் தங்கை என்று போட்டான். மார்கரெட்டுக்கும் ஏதாவது போட வேண்டுமே என்று யோசித்து, அவளுக்கு உறவினர் என்று போட்டான். நான் பிறந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்த வரியில் இருந்தோம்.

வந்த மூன்றாம் நாள் அவளுக்கு ஊரே சொந்தமாகிவிட்டது. மதினி சகுந்தலா ஒரு செட்டுமுண்டு கொடுத்தாள். மார்கரெட் அதை உடுத்திக்கொண்டு முற்றத்தில் நடந்தாள். "இவுங்களப் பாரு பிள்ளே. நம்ம வீட்டுப் பிள்ளைகள்கூட இப்படி அடக்கமா உடுக்காது, கேட்டியா" என்று மதினி என்னிடமே சொன்னாள். நான் பெட்டியில் வைத்துக் கொண்டுபோன புதுச் சேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மார்கரெட் கையால் புட்டு சாப்பிட்டாள். "எக்ஸலன்ட் சகுந்தலா" என்றாள். மதினிக்கு இங்கிலீஷ் வராது, ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காக மறுநாளும் புட்டு அவித்தாள். இவர்கள் இருவருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம் எனக்கு. அவள் பாராட்டை நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். இவள் பாராட்டை நான்தான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். முகத்தையும் சிரித்த மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும்.

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நித்யாவோடு போனேன். நித்யா பிரசவத்துக்கு என்னிடம் வர வேண்டும் என்று நேர்ச்சை. மார்கரெட்டும் கூட வந்தாள். வெளியே தேங்காய் எறியும் இடத்தில் எல்லோரும் ஓங்கி எறிவதைப் பார்த்துவிட்டு, தானும் ஒன்று எறியலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றா சொல்ல முடியும்? நான் எறிந்தது உருண்டுபோய் ஓரத்தில் நின்றது. அவள் எறிந்தது ஒரே அடியில் தூள் தூளாகச் சிதறியது. சுற்றி நின்றவர்கள் சிரித்துப் பாராட்டினார்கள். நான் குனிந்து என் தேங்காயை எடுத்து இரண்டாம் தடவை எறிந்தேன். திரும்பும்போது ஆட்டோவில் நித்யா, தலை சுற்றுகிறது என்று மார்கரெட்டின் தோளில் சாய்ந்துகொண்டாள். நடுவில் உட்கார்ந்திருந்தது மார்கரெட், அதனால் அவள்மேல் சாய்ந்தாள். அதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

4

ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய விருந்து நாள். இந்த வருடம் தவறிப்போகிறதே என்று ஜேம்ஸ் சாதாரணமாகச் சொன்னான். அண்ணன் உடனே, "தவறுவானேன்? இங்கயே வைக்கலாமே" என்றான். ஃபெசன்ட் இங்கே கிடைக்காதே. "காட்டுக்கோழி கூட்டம் கூட்டமா இருக்கு, போனக்காட்டு மலைல காலம்பற கூவும். தொட்டா ஜெயிலுதான்" என்று சிரித்தான். கடைசியில் நெடுமங்காட்டில் ஒரு பண்ணையிலிருந்து கின்னிக்கோழி நான்கு சொல்லிவைத்தான். ஃபெசன்டுக்கு மிக அருகில் வரும் கறி அதுதான் என்று மார்கரெட்டும் ஒப்புக்கொண்டாள்.

சாலைக் கடைவீதியில் கோழி வெட்டும் கடைக்குச் சனிக்கிழமை நானும் மதினியும் போனோம். அங்கே எல்லாம் தோலை உரித்துத்தான் தருவார்கள். தோலோடு வேண்டும் என்றதும் கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"தொலியோடயோ? ஆரு தின்னும் சேச்சி இது?"

"இங்கிலீஷ்காரிக்கு" என்றாள் மதினி, ஏதோ பெரிய பட்டம் கிடைத்த மாதிரி.

மதினி கிறிஸ்துமஸ் சமயத்தில் அக்கம்பக்கத்துக்குப் பிளம் கேக் செய்து கொடுப்பவள். அதனால் வீட்டில் பெரிய பேக்கிங் அடுப்பு இருந்தது. பன்றிக்கொழுப்புக்குப் பதில் உப்பு வெண்ணெய் என்று மார்கரெட் முடிவு செய்தாள். உருளைக்கிழங்கு வறுவலுக்குப் பதில் பழவங்காடிக் கடையில் சுடச்சுட வாங்கிய ஏத்தங்காய் உப்பேரி, அதாவது நேந்திரங்காய் சிப்ஸ். ஜெல்லிக்குப் பதில் மதினியின் புளியிஞ்சி. அவள் ஊரிலிருந்து கொண்டுவந்தது இரண்டு பொருள்தான். கறிக்கு வாசனை சேர்க்கும் ஜூனிப்பர் மணிகள் கொஞ்சம், அட்டையில் வைத்துச் சுற்றிய ஒரு ஃபெசன்ட் வால் இறகு. அந்த இறகைப் பெட்டியில் பார்த்ததிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. நித்யாவுக்குத்தான் என்று உறுதியாகத் தெரிந்தது. அடுத்த வருடம் கைக்குழந்தையோடு அவள் அந்தக் குடும்பத்துக்காரியாக உட்காருவாள். நான் விருந்தாளியாகப் போய் ஈயக்குண்டு பொறுக்கிக்கொண்டு வர வேண்டும்.

ஞாயிறு காலை சமையலறையில் மூன்று பேரும் நின்றோம். நித்யா மசக்கையில் மாடி அறையில் படுத்திருந்தாள். மதினி கோழிகளை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

"செம்பகம், அவுங்ககிட்ட சொல்லிரு. நேத்து சாயங்காலமே உப்புத் தண்ணில முக்கி வச்சாச்சு. கவிச்சி போகணும்லா. மஞ்சள் போட்டா அவுங்க ரோஸ்டு மஞ்சளாப் போயிரும்னு அது போடல. உப்பு நல்லாப் பிடிச்சிருக்கு, இனி ஒரு தரி போடண்டாம், கேட்டியா."

எங்கள் வீடுகளில் கறி என்றால் உப்பில் ஊறாமல் அடுப்பேறாது. மார்கரெட் வீட்டில் பறவையைக் கழுவக்கூட மாட்டார்கள். செம்பகத்தை ஷென் என்று சுருக்கிக் கூப்பிடும் அவள், ஒரு கோழியைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள்:

"என்ன சொல்கிறாள் ஷென்? இதில் ஏதாவது போட்டிருக்கிறாளா?"

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். அந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. செட்டுமுண்டு, புட்டு, தூள் தூளான தேங்காய், அந்தப் பத்து நாள், எல்லாம் சேர்ந்து வாயை அடைத்தது.

"சுத்தமாகக் கழுவி வைத்திருக்கிறாளாம்" என்றேன்.

"சொல்லிட்டியா?" என்றாள் மதினி.

"சொல்லியாச்சு மதினி."

மார்கரெட் கல் உப்பை உள்ளங்கையில் அள்ளினாள். வயிற்றுக்குள் தேய்த்தாள், தோல்மேல் தேய்த்தாள், அதன்மேல் உப்பு வெண்ணெயைப் பூசினாள். மதினி அப்போது கொல்லையில் வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வெங்காயம் உரித்தேன். ஒன்றும் நடக்காத மாதிரி வெங்காயம் உரிப்பது எவ்வளவு சுலபமாக இருந்தது என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

5

கோழிகள் அடுப்பிலிருந்து வந்தபோது அவ்வளவு அழகாக இருந்தன. பொன்னிறத் தோல், கிராம்பும் வெண்ணெயும் கலந்த வாசனை. அண்ணன் புது வேட்டியில் இருந்தான். மார்கரெட் நின்றுகொண்டே கத்தியால் மெல்லிய துண்டுகளாக அரிந்து எல்லோருக்கும் வைத்தாள். அவள் முகத்தில் ஒரு கூச்சம் கலந்த பெருமிதம் இருந்தது. என் அம்மா சமைத்த வீடு அது. அந்த இடத்தில் நின்று நான் என்றைக்கும் யாருக்கும் அப்படிப் பரிமாறியதில்லை.

முதல் வாயில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அண்ணன் தண்ணீர் குடித்தான். ஜேம்ஸ் ரொட்டிக் கூழை நிறையச் சேர்த்துக்கொண்டான். என் வீட்டுக்காரர் வழக்கம்போல் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார், மனிதர் அப்படி. மார்கரெட் ஒரு துண்டு தின்றாள். முள்கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கழுத்திலிருந்து முகம்வரை சிவந்தது.

"மன்னித்துக்கொள்ளுங்கள். உப்பை அதிகமாகப் போட்டுவிட்டேன். எப்படி என்று தெரியவில்லை" என்றாள்.

மதினிக்கு வார்த்தை புரியவில்லை, நடந்தது புரிந்தது. "உப்பு கூடிப்போச்சா? நான் முக்கி வச்சிருக்குன்னு சொல்லச் சொன்னேனே செம்பகம். நீ சொல்லியாச்சுன்னியே" என்றாள். குற்றம் சாட்டும் குரல் அல்ல, குழம்பிய குரல்.

தமிழில் சொன்னது. மார்கரெட்டுக்கும் ஜேம்ஸுக்கும் தெரியாது. நான் இலையைப் பார்த்தேன். பிறகு தலையைத் தூக்கினால் எதிரில் நித்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் புரியாது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த என் மகள்.

"சகுந்தலா என்ன சொல்கிறாள்?" என்றாள் மார்கரெட்.

நான் வாயைத் திறப்பதற்குள் நித்யா இங்கிலீஷில் சொன்னாள்: "இந்த ஊர்க் கல் உப்புக் கரிப்பு கூட, முன்னாடியே சொல்லியிருக்கணும்னு அத்தை வருத்தப்படறாங்க."

மார்கரெட் எழுந்து போய் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, அது உன் தப்பில்லை என்றாள். அதை மொழிபெயர்க்கச் சொல்லி என்னைப் பார்த்தாள். மொழிபெயர்த்தேன்.

சாப்பாடு முடிந்ததும் அந்த அட்டையைப் பிரித்தாள். இறகை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தாள். நித்யாவைத் தாண்டி வந்தாள். என் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நித்யா பிரசவத்துக்கு உன்னிடம்தான் வருகிறாளாம். அதுதான் உங்கள் வழக்கமாமே. எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆனால் அடுத்த டிசம்பரில் குழந்தைக்கு ஆறு மாதம் இருக்கும். அதன் முதல் ஃபெசன்ட் விருந்து அம்மா வழி வீட்டில் நடக்கட்டும் ஷென்" என்றாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அந்த இறகைத் தொடக் கை வரவில்லை.

6

சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனேன். நித்யா பின்னாலேயே வந்தாள். வருடக்கணக்கில் அவளிடம் கேட்காத தமிழைக் கேட்டேன்.

"அம்மா. அத்தை சொன்னது எனக்குப் புரிஞ்சுது."

நான் துணியை மடித்தேன்.

"நீ மறக்கல. நீ வேணும்னு சொல்லல."

"ஒனக்கு எப்பப் பாத்தாலும் மார்கரெட், மார்கரெட். எனக்கும் மனசு இருக்கு" என்றேன். சொன்னபோதே கேட்க நன்றாக இல்லை.

"நான் இங்கே வர்றதுக்கு முன்னாடியே டிசைட் பண்ணிட்டேன், உன்கிட்ட வர்றதுன்னு. மார்கரெட்கிட்ட ஏரோப்ளேன்ல சொன்னேன். அவங்க அழுதாங்க. அப்புறம் உன்கிட்ட அந்த இறகோட சொல்லலாம், சர்ப்ரைஸ்னு அவங்கதான் சொன்னாங்க." தட்டுத்தடுமாறிச் சொன்னாள். வார்த்தை வராத இடத்தில் நின்று யோசித்தாள், ஆனால் இங்கிலீஷுக்குப் போகவில்லை. "நான் சொல்ல மாட்டேன் அவங்ககிட்ட. நீ சொல்லணும்."

பழவங்காடியில் நான் இரண்டாம் தடவை எறிந்த தேங்காய்க்கு அவசியமே இருந்திருக்கவில்லை.

சொன்னபடியே மே மாதம் வந்தாள். அதற்கு ஆஸ்பத்திரிப் பதிவை எங்கள் பக்கம் மாற்ற வேண்டியிருந்தது. டாக்டர் பதிவு, தாதி பதிவு, முகவரிச் சான்று என்று மூன்று வாரம் இழுத்தது. மாற்றத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று ஜேம்ஸ் மண்டையை உடைத்துக்கொண்டான். நித்யா வாங்கி, "அம்மா வீடு" என்று இங்கிலீஷில் இரண்டே வார்த்தை எழுதினாள். யாரும் திருப்பி அனுப்பவில்லை.

பேத்தி ஜூனில் பிறந்தாள். ரோஸ் மீனாட்சி. முன்பாதி அவர்களுக்கு, பின்பாதி எங்களுக்கு. எல்லோரும் ரோஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மூன்று மாதம் என் வீட்டில் இருந்தார்கள். சனிக்கிழமை தவறாமல் மார்கரெட் ஒன்றரை மணி நேரம் ஓட்டி வந்து, ஒரு மணி நேரம் குழந்தையை வைத்திருந்துவிட்டுத் திரும்பிப் போவாள். நான் டீ போட்டுக் கொடுப்பேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். நித்யா என் முகத்தைப் பார்ப்பாள். நான் பிஸ்கட் எடுக்கப் போய்விடுவேன். இறகு வரவேற்பறை அலமாரியில் கண்ணாடி டம்ளரில் நின்றது.

7

இந்த வருட விருந்து ஞாயிறு, காலை பத்து மணிக்கு மார்கரெட் வந்தாள். ஏப்ரனை மாட்டிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டாள். சனிக்கிழமையே நான் இரண்டு பறவைகளையும் இறகு பிடுங்கிச் சுத்தம் செய்து வைத்திருந்தேன். பன்றிக்கொழுப்புப் பட்டை, கிராம்பு, ரொட்டித்தூள் எல்லாம் தயார். மதினி பார்சலில் அனுப்பிய ஏத்தங்காய் உப்பேரியும் உண்டு.

உப்பு ஜாடியைத் திறந்தேன். ஜாடியோடு அவள் பக்கம் திரும்பினேன்.

"மார்கரெட், போன வருடம் அந்தக் கோழிகளில் ஏற்கெனவே உப்பு இருந்தது. மதினி உன்னிடம் சொல்லச் சொன்னாள். நீயும் கேட்டாய். நான் சொல்லவில்லை."

அவள் என்னைப் பார்த்தாள். "மறந்துவிட்டாய்" என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை. தப்பித்துக்கொள் என்று ஒரு வழி விட்டாள்.

"இல்லை. நீ அந்த வீட்டில் நன்றாகச் சமைத்துவிடுவாய் என்று பொறாமை."

அவள் துணியில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"நாற்பது வருடமாக ரோஸ்ட் செய்கிறேன் ஷென். எனக்கு வயதாகிவிட்டது, கைக்கணக்குப் போய்விட்டது என்று நினைத்தேன். என் அம்மாவுக்கு மறதி வந்தது இப்படித்தான், சமையலில்தான் முதலில் தெரிந்தது. ஜனவரியில் டாக்டரிடம்கூடப் போனேன். இந்த ஒரு வருடமாக எதற்கு உப்புப் போட்டாலும் போட்டேனா, போட்டேனா என்று நின்று யோசிக்கிறேன்."

நான் இதை யோசித்ததே இல்லை. ஒரு வேளைச் சாப்பாடு கெட்டது, ஒருத்திக்கு ஒரு நாள் அவமானம், அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டிருந்தேன். தனியாக ஒரு பண்ணை வீட்டில் ஒரு பெண் வருடம் முழுக்கத் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மன்னித்துவிடு என்று இங்கிலீஷில் சொன்னேன். போதாது என்று தோன்றியது, தமிழிலும் சொன்னேன்.

அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. என் கையிலிருந்து உப்பு ஜாடியை வாங்கினாள். விரல் நுனியில் எடுத்துப் பறவைகளின்மேல் தூவினாள், யோசிக்கவில்லை, ருசி பார்க்கவில்லை. ஜாடியை மூடி, தன் பக்கத்தில், என் கைக்கு எட்டாத மூலையில் வைத்துக்கொண்டாள். சமையல் முடியும்வரை அது அங்கேயே இருந்தது. ரொட்டிக் கூழுக்கு உப்பு வேண்டும் என்று நான் கேட்டபோது, தானே எழுந்து போட்டாள்.

ஃபெசன்ட் நன்றாக வந்தது. என் வீட்டுக்காரர் இரண்டாம் தடவை வாங்கினார். அது யாருக்கான பாராட்டு என்று நான் கேட்கவில்லை. தட்டோரத்தில் ஈயக்குண்டு விழும் சத்தம் இரண்டு தடவை கேட்டது. பேத்தி என் மடியில் சிணுங்கினாள், மார்கரெட்டின் மடிக்குப் போனதும் தூங்கிவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு வாக்குமூலத்தில் தீர்ந்துபோகிற வியாதி இல்லை இது. மார்கரெட்டும் தூங்குகிற குழந்தையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, வேண்டுமென்றே மெதுவாகச் சாப்பிட்டாள்.

இறகை யாருக்குக் கொடுப்பது என்பது சமைத்தவர் உரிமை. எனக்கே வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. மார்கரெட்டுக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் நியாயம் என்றும் தோன்றியது. அவளைப் பார்த்தேன். அவள் கண்ணால் நித்யாவைக் காட்டினாள்.

டம்ளரிலிருந்து இறகை எடுத்து நித்யாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். சமையலறையில் நடந்தது கதவு வழியாக அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். இறகைக் கையில் எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்:

"அடுத்த வருஷம் எங்க வீட்ல. நீங்க ரெண்டு பேரும் கிச்சன் பக்கமே வரக்கூடாது."

பிறகு அதையே இங்கிலீஷில் மார்கரெட்டுக்குச் சொன்னாள். மார்கரெட் சிரித்தாள், எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் ஒன்றைக் கவனித்து வைத்துக்கொண்டேன். எனக்குத்தான் முதலில் சொன்னாள்.